எபிசோட் 41: "உங்கள் வீட்டை வாங்கிக்கொள்கிறோம்" கடிதம் யார் வீட்டுக்குப் போகிறது?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

அமெரிக்காவில் சொந்த வீடு வச்சிருக்கிற எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். தபால் பெட்டியைத் திறந்தா கரண்ட் பில், பீட்சா கூப்பன், அதுக்கு நடுவுல ஒரு மஞ்சள் காகிதம். கையால எழுதின மாதிரி ஒரு ஃபான்ட். "உங்க வீட்டை எந்த நிலையில இருந்தாலும் ரொக்கத்துக்கு வாங்கிக்கிறோம், கூப்பிடுங்க"ன்னு ஒரு நம்பர். உங்க பேர், உங்க வீட்டு விலாசம் ரெண்டும் சரியா இருக்கும்.

இதைப் பத்தி எனக்கு ரெண்டு விதமான கேள்வி வருது. ஒரு கூட்டம், "என் பேரும் விலாசமும் இவங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"ன்னு கேட்கிறாங்க. இன்னொரு கூட்டம், "டல்லாஸ் பக்கம் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கணும், சந்தைக்கு வர்ற வீடெல்லாம் நான் பார்க்கிறதுக்குள்ள போயிடுது, இந்த மாதிரி கடிதம் போட்டு வாங்க முடியுமா?"ன்னு கேட்கிறாங்க. ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்துல இருக்கு. அந்த லிஸ்ட்ல. அதனால இன்னைக்கு முழுக்க லிஸ்ட் பத்தித்தான் பேசப் போறேன்.

வழக்கம்போல முன்னாடியே சொல்லிடறேன். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். வக்கீலும் இல்ல, ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டும் இல்ல. நான் பேசுறது டெக்சாஸ், அதிலயும் முக்கியமா டல்லாஸ் கவுன்ட்டி. ஓஹையோவிலயோ நியூ ஜெர்சியிலயோ சட்டம் வேற, ரெக்கார்டு இருக்கிற இடமும் வேற.

முதல்ல ஒரு சொல்லைத் தெளிவு பண்ணிக்கலாம். ஏஜென்ட்டுகள் எல்லாரும் வீடுகளைப் பதிவு பண்ற பொதுப் பட்டியல் எம்.எல்.எஸ். ஸில்லோல நீங்க பார்க்கிற விற்பனை வீடுகள்ல பெரும்பாலானது அங்கேர்ந்து வர்றதுதான். அதுக்குள்ள போகாமலே கைமாறுற வீட்டைத்தான் ஆஃப்-மார்க்கெட்னு சொல்றாங்க. சரி, எம்.எல்.எஸ்.ல போட்டா பத்து பேர் போட்டி போட்டு விலையை ஏத்துவாங்களே, ஏன் ஒருத்தர் போடாம விக்கணும்? விலையை விட முக்கியமா வேற ஏதோ ஒண்ணு அவருக்கு இருக்கணும். அவரைத்தான் 'மோட்டிவேட்டட் செல்லர்'னு சொல்றாங்க.

இந்த வார்த்தையைக் கேட்டதும் பலர் கஷ்டத்துல தவிக்கிற ஆளைக் கற்பனை பண்ணிக்கிறாங்க. எப்பவும் அப்படி இல்ல. டல்லாஸ்ல நான் பார்த்தவரைக்கும் பெரிய காரணம் மண்ணுதான், நம்புங்க. இங்க களிமண். மழை பெய்ஞ்சா வீங்கும், கோடையில காய்ஞ்சு சுருங்கும். வருஷா வருஷம் இப்படி ஏறி இறங்கினா மேல உட்கார்ந்திருக்கிற கான்கிரீட் ஸ்லாப் என்ன ஆகும்? ஒரு மூலை இறங்கும். படுக்கையறைக் கதவு சாத்தாது. செங்கல் சுவர்ல படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும். கார்லண்ட், மெஸ்கீட், ஓக் கிளிஃப் பக்கம் அறுபது எழுபதுகள்ல கட்டின வீடுன்னா, ஸ்லாபுக்கு அடியில போற வார்ப்பிரும்புக் கழிவுக் குழாயும் துருப்பிடிச்சுப் போயிருக்கும். இப்படி ஒரு வீட்டை அப்பா விட்டுட்டுப் போயிருக்கார், பையன் சியாட்டில்ல இருக்கான்னு வச்சுக்கோங்க. அவனுக்குப் பணக் கஷ்டம் எதுவும் இல்ல. ஆனா பவுண்டேஷன் கான்ட்ராக்டர் பின்னாடி இரண்டாயிரம் மைல் தூரத்துலேர்ந்து அலைய அவனுக்கு நேரமும் இல்ல, மனசும் இல்ல. அவனும் மோட்டிவேட்டட் செல்லர்தான். அவனைக் கண்டுபிடிக்கிறதுதான் லிஸ்ட்டோட வேலை.

இப்ப முதல் கூட்டத்தோட கேள்விக்கு வர்றேன். உங்க பேர் எங்கேர்ந்து கிடைச்சதுன்னா, அரசாங்கத்துக்கிட்டேர்ந்துதான். யாரும் திருடல, யாரும் லீக் பண்ணல. டெக்சாஸ்ல ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் சொத்து மதிப்பு போடுறதுக்கு ஓர் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இருக்கு. டல்லாஸ் கவுன்ட்டிக்கு டி-கேட்னு சொல்ற டல்லாஸ் சென்ட்ரல் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். ஒவ்வொரு மனைக்கும் ஓர் அக்கவுன்ட் எண், உரிமையாளர் பேர், வீடு இருக்கிற விலாசம், வரி நோட்டீஸ் அனுப்ப வேண்டிய விலாசம், கட்டின வருஷம், சதுர அடி, மதிப்பு, வரி விலக்குகள், கடைசியா பத்திரம் மாறின தேதி, எல்லாம் இருக்கும். ஒவ்வொரு வீடா தேடிப் பார்க்கலாம். மொத்தத்தையும் ஃபைலா இலவசமாவே டவுன்லோட் பண்ணிக்கலாம்.

ப்ராப்ஸ்ட்ரீம் மாதிரி சந்தா கட்டுற சேவைகள் விக்கிறதும் அடிப்படையில இதே சரக்குதான். அவங்க பல கவுன்ட்டி டேட்டாவை ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்து, அடமானக் கடன் எவ்வளவு பாக்கி இருக்கும்னு ஒரு மதிப்பீடு சேர்த்து, பட்டனை அழுத்தினா லிஸ்ட் வர்ற மாதிரி பண்ணித் தர்றாங்க. அந்த உழைப்புக்கு விலை நியாயம்தான். ஒரே கவுன்ட்டியில வாங்கப் போறவர், அதுவும் ஜாயின் எழுதத் தெரிஞ்சவர்னா, மாசா மாசம் காசு கட்டணும்னு அவசியம் இல்ல. ஒரு விஷயம் மட்டும் கவுன்ட்டி ஃபைல்ல கிடைக்காது. வீடு எவ்வளவுக்கு வித்ததுங்கிறது. டெக்சாஸ்ல விற்பனை விலையை அரசாங்கத்துக்குச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. டி-கேட் போட்டிருக்கிற மதிப்பை சந்தை விலைன்னு நம்பி யார்கிட்டயும் விலை பேசாதீங்க. பக்கத்து வீடுகள் என்ன விலைக்குப் போச்சுன்னு தெரிய எம்.எல்.எஸ். பார்க்க முடிஞ்ச ஓர் ஏஜென்ட் உங்களுக்கு வேணும்.

லிஸ்ட்டுக்கு முதல் வடிகட்டி, உரிமையாளர் அங்க குடியிருக்காரா இல்லையாங்கிறது. வீட்டு விலாசமும் நோட்டீஸ் போற விலாசமும் வேறன்னா அவர் 'ஆப்சென்ட்டி ஓனர்'. கேட்கிறதுக்கு ஒரு வரி எஸ்.கியூ.எல். மாதிரி இருக்கும். ரெண்டு காலம் சமமில்லன்னா எடு, அவ்வளவுதானேன்னு தோணும். ஓட்டிப் பாருங்க, ஊர்ல பாதிப் பேர் வெளியூர்க்காரங்களா வருவாங்க. ஒரு காலத்துல 'ஸ்ட்ரீட்'டுன்னு முழுசா இருக்கும், இன்னொண்ணுல சுருக்கி எழுதியிருக்கும். ஒண்ணுல 'நார்த்' இருக்கும், இன்னொண்ணுல இருக்காது. அதனால முதல்ல ரெண்டு விலாசத்தையும் தபால் துறையோட காஸ் தரத்துக்கு மாத்தித் தர்ற ஏதாவது ஒரு சாஃப்ட்வேர்ல போட்டு எடுக்கணும். இதுல ஒரு கூடுதல் லாபம் இருக்கு. தொண்ணூறு நாளுக்கு மேல யாரும் தபால் எடுக்காத வீட்டை 'காலி'ன்னு தபால்காரர் குறிச்சு வைப்பார். அந்தக் குறியும் காஸ் முடிவுல சேர்ந்து வரும். காலி வீடு, வெளியூர் உரிமையாளர். இதைவிட நல்ல வரி லிஸ்ட்ல கிடையாது.

போஸ்ட் பாக்ஸ் வச்சிருக்கிறவங்க இன்னொரு குழப்பம். வீட்டுலயே இருப்பாங்க, நோட்டீஸ் மட்டும் பாக்ஸுக்குப் போகும். அவங்களைப் பிரிக்க ஹோம்ஸ்டெட் விலக்கு உதவும். சொந்தமா குடியிருக்கிற வீட்டுக்கு மட்டும்தான் அந்த வரி விலக்கு. அது இருந்தா ஆள் அங்கதான் இருக்கார்னு எடுத்துக்கலாம். இல்லன்னா? உடனே ஆள் அங்க இல்லன்னு முடிவு பண்ண முடியாது. நம்ம ஆளுங்கள்லயே எத்தனை பேர் வீடு வாங்கி ரெண்டு வருஷமா அந்த ஃபாரத்தைக் கொடுக்காம இருக்காங்க தெரியுமா? (இதைக் கேட்டுட்டிருக்கிற யாராவது இன்னும் கொடுக்கலன்னா, எபிசோடை நிறுத்திட்டு முதல்ல அதைப் பண்ணுங்க. இலவசம்தான். அதுக்குக் காசு கேட்டு வர்ற கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க.)

வெளியூர் உரிமையாளர்ங்கிற ஒரே காரணத்துக்காகக் கடிதம் போட்டா காசு கரியாகும். ஆயிரக்கணக்கான பேர் நல்லா வாடகை வாங்கிக்கிட்டு நிம்மதியா இருக்காங்க, அவங்களுக்கு விக்க எந்த அவசரமும் இல்ல. ரெண்டு மூணு லிஸ்ட்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும். அக்கவுன்ட் எண்தான் நமக்கு கீ. பத்திரம் கடைசியா மாறி இருபது வருஷம் ஆச்சா? வரி பாக்கி இருக்கா? புல் வளர்ந்து கிடக்கு, கூரை சரிஞ்சிருக்குன்னு நகராட்சி நோட்டீஸ் கொடுத்திருக்கா? இந்தக் கடைசி ஒண்ணு டல்லாஸ் நகரத்தோட ஓப்பன் டேட்டா தளத்துல 311 புகார்களாக் கிடைக்கும். அங்க இல்லாததை பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆக்ட் கீழ எழுதிக் கேட்கலாம். மூணு லிஸ்ட்லயும் ஒரே அக்கவுன்ட் எண் வந்தா, அந்த ஆளுக்கு ஒரு கடிதம் இல்ல, வருஷத்துக்கு அஞ்சு கடிதம் போடலாம்.

வரி பாக்கி லிஸ்ட் பத்திக் கொஞ்சம் நிதானமாப் பேசணும். இந்தத் தொழில்ல எல்லாரும் முதல்ல கை வைக்கிற லிஸ்ட் அது. டெக்சாஸ்ல மாநில வருமான வரி கிடையாது, அதுக்கும் சேர்த்து வீட்டு வரி வாட்டும். பில்லை ஜனவரி 31-க்குள்ள கட்டணும். பிப்ரவரி 1 அன்னைக்கே அபராதமும் வட்டியும் சேர்ந்து 7 சதவீதம். மாசா மாசம் ஏறிக்கிட்டே போய் ஜூலை 1 அன்னைக்கு 18 சதவீதம் ஆகும். அதோட முடியாது. அன்னைக்கு வசூல் வக்கீல் கைக்குப் போச்சுன்னா மொத்தத்து மேல இன்னும் 20 சதவீதம் வரைக்கும் சேர்ப்பாங்க. 6,000 டாலர் பில்லை எடுத்துக்கோங்க. பிப்ரவரியில 6,420. ஜூலையில 7,080, அது மேல வக்கீல் கட்டணம் 1,416. ஆறு மாசத்துல 8,496. இதுக்காகத்தான் மே, ஜூன்ல உங்க ஏரியா தபால் பெட்டியெல்லாம் மஞ்சள் காகிதமா நிறையுது.

இப்படி அனுப்பின ஒரு தவணையில எங்களுக்கு ஓர் அம்மா கூப்பிட்டாங்க. எங்களுக்குன்னா, நானும் என்கூட சேர்ந்து வீடு வாங்குற ஓர் அண்ணனும். எழுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். கணவர் இறந்து சில வருஷம். வீட்டுக் கடன் என்னைக்கோ கட்டி முடிச்சாச்சு. ரெண்டு வருஷ வரி பாக்கி. கடிதத்தைப் பார்த்துட்டு, "வீட்டைக் கவுன்ட்டி எடுத்துக்குறதுக்கு முன்னாடி நீங்களே எடுத்துக்கிட்டா எனக்கு எவ்வளவு தருவீங்க?"ன்னு கேட்டாங்க. எங்கே போவீங்கன்னு நான் கேட்டேன். அதுக்கு அவங்ககிட்ட பதில் இல்ல.

டெக்சாஸ் வரிச் சட்டத்துல ஒரு வழி இருக்கு. 65 வயசைத் தாண்டினவங்க, இல்லன்னா மாற்றுத்திறனாளிகள், தாங்க குடியிருக்கிற ஹோம்ஸ்டெட் வீட்டோட வரியைத் தள்ளி வைக்கலாம். அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்ல ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தா போதும். அவங்க அந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் வரிக்காக யாரும் வீட்டை ஏலம் விட முடியாது. வரி மன்னிக்கப்படாது, கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும், வருஷத்துக்கு 5 சதவீத வட்டி. அவங்க காலத்துக்கு அப்புறம் வாரிசு கட்டணும், இல்ல வித்துக் கட்டணும். வங்கிக் கடன் இருக்கிறவங்களுக்கு இது சிக்கல், ஏன்னா வரி நிலுவையில இருக்கிறதை வங்கி ஒத்துக்காது. இந்த அம்மாவுக்குக் கடனே இல்ல.

அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் கெட்ட மனுஷன் இல்ல, ஆனா அவர் கேட்டது நியாயமான கேள்வி: "தம்பி, நாம இதைச் சொல்லிட்டு விலகிட்டா, அடுத்த கடிதம் போட்டவன் சொல்லுவானா? அவன் நம்மள விடக் கம்மியா கொடுத்து வாங்கிட்டுப் போவான். நாமளாவது நியாயமான விலை கொடுப்போம்ல?" நான் அவர்கிட்ட வாதம் பண்ணல, கணக்குத்தான் போட்டுக் காட்டினேன். பாக்கி மொத்தமும் அந்த வீட்டு மதிப்புல ஒரு சின்னப் பகுதி. அந்தச் சின்னப் பகுதிக்காக அவங்க விக்கிறது முழு வீட்டை. நாம என்ன விலை கொடுத்தாலும் அதே பகுதியில அவங்களால திரும்ப ஒரு வீடு வாங்க முடியாது. அண்ணன் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சரி, நீயே கூப்பிட்டுச் சொல்லு"ன்னார். கூப்பிட்டுச் சொன்னேன். முதல்ல அவங்க நம்பல. இதுல உனக்கு என்ன லாபம்னு கேட்டாங்க. சில வாரம் கழிச்சு அவங்க பேத்தி கூப்பிட்டு, அந்தப் பத்திரத்தை நோட்டரி முன்னாடிதான் கையெழுத்துப் போடணுமான்னு விசாரிச்சாள். ஆமான்னேன்.

அதுலேர்ந்து எங்க குவெரியில ஒரு கிளை இருக்கு. வரி பாக்கியும் இருந்து, ஹோம்ஸ்டெட் விலக்கும் இருந்தா, போற கடிதம் வேற. முதல் பத்தியிலயே 'உங்களுக்கு 65 வயசுக்கு மேலன்னா விக்காமலே வரியைத் தள்ளி வைக்க வழி இருக்கு, அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டைக் கூப்பிட்டுக் கேளுங்க'ன்னு இருக்கும். அந்தக் கடிதத்துக்கும் ஸ்டாம்ப் காசு எங்களோடதுதான். அண்ணன் இன்னும் அதுக்கு முணுமுணுப்பார்.

இதோட சேர்த்து ஒண்ணு. டெக்சாஸ் சட்டப்படி, உரிமையாளருக்கு 65 வயசுக்கு மேலன்னு காட்டுற தகவலை அப்ரைசல் ரெக்கார்டுலேர்ந்து இணையத்துல போடக் கூடாது. வீட்டோட உள் வரைபடமும் போடக் கூடாது. காரணம் சொல்லவே வேணாம். ஆனா வயசை வேற வழியில ஊகிச்சு 'முதியவர் லிஸ்ட்'னு தனியா விக்கிற வியாபாரிகள் இருக்காங்க. நான் அதை வாங்குறதில்ல. வரி பாக்கிக்கும் ஒரு குறிப்பு: தள்ளி வச்சவங்களோட தொகையும் நிலுவையாத்தான் தெரியும். லிஸ்ட்ல பெரிய தொகையைப் பார்த்து, பாவம் திண்டாடுறார்னு நினைச்சா, அவர் எல்லாம் தெரிஞ்சு நிம்மதியா உட்கார்ந்திருப்பார்.

ஏலத்துக்குப் போற வீடுகளோட லிஸ்ட் பத்திச் சுருக்கமா. டெக்சாஸ்ல வங்கிக் கடன் ஏலம் ஒவ்வொரு மாசமும் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும், நோட்டீஸ் குறைஞ்சது 21 நாள் முன்னாடி ஒட்டணும். இந்த 21 நாள்ல நீங்க லிஸ்ட் எடுத்து, அச்சடிச்சு, தபால் போய்ச் சேர்ந்து, அவர் கூப்பிட்டு, டைட்டில் கம்பெனி பத்திரம் சரிபார்த்து... தபாலுக்கு ஏத்த லிஸ்ட் இல்ல அது. தவிர அந்த வீட்டுக்காரருக்கு அந்த வாரம் கட்டுக் கட்டா கடிதம் வரும். நீங்களும் ஒண்ணு போடணுமா? நான் போடறதில்ல.

இறந்தவங்க பேர்ல இருக்கிற வீடுகள் வேற மாதிரி. ப்ரோபேட் வழக்குகள் கவுன்ட்டி கிளர்க்கிட்ட பொது ரெக்கார்டு. ஆனா உயில் எழுதாம, ப்ரோபேட்டும் போகாம, அப்பா பேர்லயே பத்து வருஷமாக் கிடக்கிற வீடுகள் நிறைய. கவுன்ட்டி ஃபைல்ல பேருக்கு முன்னாடி 'எஸ்டேட் ஆஃப்'னு இருந்தாலோ, பேருக்குப் பின்னாடி 'எட் ஆல்'னு இருந்தாலோ கவனிங்க. பல வாரிசு இருக்காங்கன்னு அர்த்தம். இங்க 'அஃபிடவிட் ஆஃப் ஏர்ஷிப்'னு ஒரு வழி இருக்கு. குடும்பத்தைத் தெரிஞ்ச, சொத்துல பங்கில்லாத ரெண்டு பேர் சாட்சி சொல்லி வாரிசுகளைப் பதிவு பண்றது. நாலு அண்ணன் தம்பியும் கையெழுத்துப் போட வைக்கிறது நம்ம ஊர்ல எவ்வளவு கஷ்டமோ அதே கஷ்டம்தான் இங்கயும். மூணாவது தம்பி எப்பவும் கலிஃபோர்னியாவுல இருப்பான், போன் எடுக்க மாட்டான். ஒரே அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வீடு வாங்கியாச்சுன்னு நினைக்காதீங்க.

அடுத்தது சுத்தம் பண்றது. ரொம்ப அலுப்பான வேலை, ரொம்ப முக்கியமான வேலை. பள்ளி, சர்ச், நகராட்சி, பெரிய வாடகை நிறுவனங்கள், எல்லாத்தையும் நீக்கணும். கவுன்ட்டி ஃபைல்ல பேர் குடும்பப் பெயர்லேர்ந்து தொடங்கும், கணவன் மனைவி பேர் நடுவுல '&' இருக்கும். அப்படியே மெயில்-மெர்ஜ்ல போட்டா கடிதம் 'அன்புள்ள டிரஸ்ட் அவர்களுக்கு'ன்னு போகும். நம்ம பேர்கள்ல இன்னும் வேடிக்கை. இனிஷியலைக் குடும்பப் பேர்னு எடுத்துக்கிட்டு 'அன்புள்ள எஸ்' அப்படின்னு எனக்கே ஒரு கடிதம் வந்திருக்கு. ஒரே ஆளுக்கு ஆறு வீடு இருந்தா ஆறு கடிதம் போடாதீங்க. ஆறு வீட்டையும் குறிப்பிட்டு ஒரே கடிதம் போடுங்க. அலுத்துப்போன வீட்டுக்காரர் ஆறையும் சேர்த்து விக்கத் தயாரா இருப்பார்.

தபால்ல ரெண்டு வகை இருக்கு, ஃபர்ஸ்ட் கிளாஸ், மார்க்கெட்டிங் மெயில். ரெண்டாவது மலிவு, குறைஞ்சது 200 கடிதம் இருந்தா போதும். பலர் அதைத்தான் எடுப்பாங்க. நான் முதல் தவணையை எப்பவும் ஃபர்ஸ்ட் கிளாஸ்ல போடுவேன். காரணம் வேகம் இல்ல. மார்க்கெட்டிங் மெயில் போய்ச் சேரலன்னா, தனியாக் கேட்டு கட்டணம் கட்டாத வரைக்கும், தபால் துறை அதைத் தூக்கிப் போட்டுடும். ஃபர்ஸ்ட் கிளாஸ் மஞ்சள் ஸ்டிக்கரோட உங்ககிட்டயே திரும்பி வரும். திரும்பி வந்த கட்டு இருக்கே, அதுதான் மொத்த வேலையோட பலன்னு நான் சொல்லுவேன். வரி நோட்டீஸ் விலாசத்துக்கே தபால் போகலன்னா, அந்த உரிமையாளர் வீடு மாறியிருக்கணும், இல்ல இறந்திருக்கணும். மத்தவங்க கடிதமும் அவருக்குப் போகாது. அவரையோ வாரிசையோ தேடிப் பிடிக்கிறவருக்குப் போட்டியே கிடையாது. போட்டிக்காரங்க பாதிப் பேர் அந்த வரியை லிஸ்ட்லேர்ந்து அழிச்சிருப்பாங்க.

செலவுக் கணக்கு. ஒரு ஸ்டாம்ப் 2025 ஜூலையில 78 சென்ட் ஆச்சு. மொத்தமா அனுப்பினா கொஞ்சம் குறையும், அச்சும் காகிதமும் சேர்த்தா மறுபடி ஏறும். ஒரு டாலர்னே வச்சுக்கோங்க. 500 பேருக்கு அஞ்சு தடவைன்னா 2,500 டாலர். 2,500 பேருக்கு ஒரே தடவைன்னாலும் அதே 2,500. ரெண்டுல நான் முதலாவதைத்தான் எடுப்பேன். ஒருத்தருக்கு விக்கணும்னு தோணுற வாரமும் உங்க கடிதம் போற வாரமும் ஒண்ணா இருக்கணுமே. ஒரு தடவை போட்டா அது லாட்டரி. போன்ல மெசேஜ் அனுப்பினா இன்னும் மலிவாச்சேன்னு கேட்பீங்க. அதுக்கு டி.சி.பி.ஏ.ன்னு ஒரு ஃபெடரல் சட்டம் இருக்கு. மீறினா ஒவ்வொரு மெசேஜுக்கும் 500 டாலர், தெரிஞ்சே பண்ணினா 1,500 வரைக்கும். கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்ல. ஆனா அரசாங்க நோட்டீஸ் மாதிரி முத்திரை போட்டு, சிவப்புல 'இறுதி அறிவிப்பு'ன்னு அச்சடிச்சு ஏமாத்துறதுக்குத் தனிச் சட்டம் இருக்கு. அதுல மாட்டாதீங்க.

கடிதத்துல என்ன எழுதணும்? கால் பக்கம் போதும். என் பேர், நான் இந்த ஊர்ல வாடகைக்கு விட வீடு வாங்குறவன், உங்க வீடு இந்த விலாசம், விக்கிற எண்ணம் இருந்தா கூப்பிடுங்க, இது என் சொந்த நம்பர். அதோட ஒரு வரி: 'ரிப்பேர் பண்ணி ஏஜென்ட் மூலமா வித்தா என்னைவிட அதிக விலை கிடைக்கும்.' இந்த வரியைப் படிச்சுட்டு பலர் என்னைப் பைத்தியம்னு நினைப்பாங்க. இந்தத் தொழில்ல 70 சதவீத விதின்னு ஒண்ணு இருக்கு. எல்லாம் சரி பண்ணினா 3,00,000 டாலருக்குப் போற வீடு. அதுல 70 சதவீதம் 2,10,000. ரிப்பேர் 40,000 கழிச்சா 1,70,000. அதுக்கு மேல கொடுக்காதேன்னு விதி. வாடகைக்கு வச்சுக்கிறவங்க கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். ஆனாலும் வித்தியாசம் பெரிசு. அதை முன்னாடியே சொல்லிட்டா, கூப்பிடுறவங்க தெரிஞ்சேதான் கூப்பிடுறாங்க. பவுண்டேஷன் போன வீட்டை விட்டு ஓடணும்னு நினைக்கிற சியாட்டில் பையன் அந்த வரியைப் படிச்சும் கூப்பிடுவான். சொல்லலன்னா, கையெழுத்துப் போட்ட மூணாவது நாள் மச்சான் யாராவது சொல்லிடுவார், ஒப்பந்தம் உடையும்.

ஹோல்சேலிங் பத்திக் கேட்டவங்களுக்கு: வீட்டை வாங்காம, வாங்குற ஒப்பந்தத்தை மட்டும் இன்னொருத்தருக்கு வித்துக் காசு பாக்கிறது. டெக்சாஸ்ல 2017-லேர்ந்து, நீங்க விக்கிறது வீட்டை இல்ல, ஒப்பந்த உரிமையைத்தான்னு வாங்குறவர்கிட்ட வெளிப்படையாச் சொல்லணும். சொல்லலன்னா லைசன்ஸ் இல்லாம ஏஜென்ட் வேலை பார்த்த கணக்கு. நம்மள்ல நிறைய பேர் எச்-1பி-ல இருக்கோம். வீடு வாங்கி வாடகைக்கு விடறது முதலீடு. மாசா மாசம் ஒப்பந்தம் பிடிச்சு விக்கிறது தொழில். விசாவுக்கு அது பெரிய வித்தியாசம். இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்காம இறங்காதீங்க.

கடைசியா ஒரு நேயர் கேள்வி. ஃப்ரிஸ்கோவுல வீடு வாங்கி, இப்ப குடும்பத்தோட சென்னைக்குத் திரும்பிட்டார். வீடு வாடகையில இருக்கு. அவரோட நண்பர் விலாசத்துக்கு வாராவாரம் இந்தக் கடிதம் வருதாம். ஏன் எனக்கு மட்டும் இவ்வளவு வருது, வித்துடலாமான்னு கேட்கிறார்.

சார், நீங்க மேல சொன்ன குவெரியில அப்படியே விழுறீங்க. நோட்டீஸ் விலாசம் வேற, ஹோம்ஸ்டெட் இல்ல. அதனால வருது, உங்க வீட்டுல ஏதோ விசேஷம்னு இல்ல. உங்க வீடு புதுசு, பவுண்டேஷன் நல்லா இருக்கு, வாடகைக்கு ஆள் இருக்கு. கடிதம் போடுறவருக்கு விக்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்ல. விக்கணும்னா ஏஜென்ட் வச்சு எம்.எல்.எஸ்.ல போடுங்க. ஆனா எப்படி வித்தாலும் ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. நீங்க இப்ப அமெரிக்க வரிச் சட்டப்படி வெளிநாட்டவர்னா, ஃபிர்ப்டா சட்டம் பொருந்தும். வாங்குறவர் விற்பனை விலையில பொதுவா 15 சதவீதத்தைப் பிடிச்சு ஐ.ஆர்.எஸ்.க்குக் கட்டணும். லாபத்துல இல்ல, மொத்த விலையில. வீடு 5,00,000-க்குப் போனா 75,000 டாலர் அங்க போய் உட்காரும், வருஷ வரிக்கணக்கு போட்டுத்தான் மீதியைத் திரும்ப வாங்கணும். குறைச்சுப் பிடிக்கச் சொல்லி முன்னாடியே ஐ.ஆர்.எஸ்.ல விண்ணப்பம் போடலாம், ஆனா அது குளோஸிங் தேதிக்குள்ள போடணும். அதனால ஏஜென்ட்டைத் தேடுறதுக்கு முன்னாடி, ரெண்டு நாட்டு வரியும் தெரிஞ்ச ஒரு சி.பி.ஏ.வைத் தேடுங்க. கடிதம் வர்றது நிக்கணும்னா அதுக்கு வழி கிடையாது, நண்பரைப் பொறுத்துக்கச் சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல பவுண்டேஷன் ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறதுன்னு பேசலாம். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நண்பர் வர்றேன்னு சொல்லியிருக்கார். கேள்வி இருந்தா அனுப்புங்க.